கள்ளிக்காட்டின் நீர்க் கணக்கு

பாலக்காட்டிலிருந்து கிழக்கே சித்தூரைத் தாண்டி, கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் என்று தமிழ்நாட்டு எல்லையை நோக்கிப் போகப் போக, வயலின் பச்சை குறைந்து பனை கூடிக்கொண்டே வரும். பங்குனி, சித்திரை மாதங்களில் வேலியோரக் கள்ளியைத் தவிர வேறெதிலும் பசுமை மிஞ்சாது. ஓடையில் மணல் மட்டும் கிடக்கும். தொட்டியில் ஊற்றினால்தான் ஆடுமாடுகளுக்குத் தண்ணீர். அந்த நாட்களிலும் வேலியடியில் புதிதாகப் பறித்த வளை ஒன்று இருக்கும். வாசலில் ஈரமற்ற பொடிமண் குவிந்திருக்கும். உள்ளே இருப்பது ஒரு கைக்குள் அடங்கிவிடும் வெள்ளெலி. அது எங்கே போய்த் தண்ணீர் குடிக்கிறது? வறண்ட நிலத்தில் உழுது வாழும் எவருக்கும் ஒரு முறையாவது எழுந்திருக்கக்கூடிய கேள்வி இது. கள்ளியைக் கடித்துச் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும் என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். கள்ளியை வெட்டினால் சாறு வழிவதைக் கண்டவர்களுக்கு அது நியாயமாகவும் தோன்றும். ஆனால் அந்தப் பதில் சரியில்லை. சரியான பதில் எலியைப் பற்றியது மட்டுமல்ல. நாம் தரிசு என்று ஒதுக்கும் நிலத்தின் மதிப்பையும் அதுவே தீர்மானிக்கிறது என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

மழை விலகிப் போகும் இடங்கள்

கேரளம் என்றதும் நினைவுக்கு வருவது விடாத மழை. அந்தக் கேரளத்துக்குள் கள்ளிக்காடு எப்படி வந்தது? தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலையில் மோதி மேலே ஏறும்போது காற்று குளிர்கிறது, குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது, மழை கொட்டுகிறது. மலையின் மறுபக்கம் இறங்கும்போது அதே காற்று சூடாகி உலர்ந்துவிடுகிறது. மழை கிடைக்காத அந்த மறுபக்கத்தை மழைமறைவு நிலம் என்பார்கள். இடுக்கி மாவட்டத்தில் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியும் அதைச் சூழ்ந்த மலைகளும் மேகத்தின் ஈரத்தைப் பெருமளவு வாங்கிக்கொள்கின்றன. மறையூருக்கும் உடுமலைப்பேட்டைக்கும் இடையே மலைகளின் கிழக்குச் சரிவில் இருக்கும் சின்னாறு காட்டுயிர்ச் சரணாலயத்துக்கு ஆண்டில் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான் மிஞ்சுகிறது. 1984-இல் அறிவிக்கப்பட்ட, 90 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தச் சரணாலயத்தின் தாழ்வான பகுதிகள் முழுக்க முட்புதரும் கள்ளியும்தான்.

சித்தூரின் நிலை சற்று வேறு. அது பாலக்காட்டுக் கணவாய்க்குள் இருக்கிறது. கணவாயில் காற்றைத் தூக்கிவிட மலை இல்லை. அதனால் ஈரக்காற்று மழையாக மாறாமலே கிழக்கே கடந்துவிடுகிறது. பனிக்காலத்தில் அதே வழியாக எதிர்த்திசையில் வீசும் கிழக்குக் காற்றோ மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் உலர்த்திவிடுகிறது. மனிதர்கள் இதற்குக் கண்ட தீர்வு, வேறிடத்திலிருந்து தண்ணீரைக் கொண்டுவருவது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் பாசனத்துக்கு மணக்கடவு அணைக்கட்டு வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி., அதாவது 725 கோடி கன அடி தண்ணீர் விட வேண்டும். அது குறைந்தால் இரு மாநிலங்களும் பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டியிருக்கிறது. வறட்சி என்றால் வரவு குறைவு, ஆகவே வரவைக் கூட்ட வேண்டும் என்பது நம் சிந்தனை. வெள்ளெலி இந்தக் கணக்கை மறுமுனையிலிருந்து போடுகிறது.

சாறு இருக்கிறது, தண்ணீர் இல்லை

முதலில் கள்ளியைப் பார்ப்போம். வேலியோரம் நாம் பார்ப்பவற்றில் இரண்டு வேறுவேறு தாவரக் குடும்பங்கள் கலந்திருக்கின்றன. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி போன்றவை ஆமணக்கின் உறவுக்காரச் செடிகள். தட்டுத் தட்டாக வளரும் சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த, உண்மையான கேக்டஸ் குடும்பச் செடி. இந்திய நிலப்பரப்பில் அந்தக் குடும்பத்துக்கு இயல்பான உறுப்பினர் எவரும் இல்லை. இரண்டுக்கும் கிட்டிய மூதாதை கிடையாது. இருந்தும் இரண்டும் இலையைத் துறந்து, தண்டைப் பச்சையாக்கி, நீரைச் சேமித்து, முள்ளைப் போர்த்துக்கொண்டு ஏறக்குறைய ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரே நெருக்கடி தனித்தனி உயிர்களை ஒரே தீர்வுக்குத் தள்ளுவதை ஒருங்குப் பரிணாமம் என்று சொல்லலாம்.

அந்தச் சேமிப்பைக் குடிக்க முடியுமா? சதுரக்கள்ளியின் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சப்பாத்திக்கள்ளியின் தட்டில் பால் இல்லை என்றாலும் கொழகொழப்பும் ஆக்சாலிக் அமில உப்புகளும் நிறைந்திருக்கின்றன. அந்த உப்பைக் கழிக்கச் சிறுநீரகம் உழைக்க வேண்டும். அமெரிக்காவில் கேக்டஸோடு நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்த சுமை எலிகள் என்னும் இனங்கள் அதைத் தின்று சமாளிக்கப் பழகியிருக்கின்றன. நம் எலிகளுக்கு அந்தச் செடியோடு உள்ள பழக்கம் சில நூற்றாண்டுகள்தான். சப்பாத்திக்கள்ளிப் பழம் சிவந்து உதிரும் காலத்தில் பறவைகளும் எலிகளும் அதைத் தின்னும். ஆண்டு முழுவதற்கும் அது போதாது. ஆகவே கள்ளி வெள்ளெலிக்குத் தண்ணீர்த் தொட்டி அல்ல.

ஆனால் கள்ளி வேறொரு முக்கியமான செய்தியைச் சொல்கிறது. செடிகளின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. கரியமில வாயு உள்ளே வருவதும் நீராவி வெளியே போவதும் அவற்றின் வழியாகத்தான். பெரும்பாலான செடிகள் பகலில் அவற்றைத் திறக்கின்றன. கள்ளியோ பகலில் மூடி, இரவின் குளிர்ச்சியில் திறக்கிறது. இரவில் வாங்கிய வாயுவை அமிலமாக்கி வைத்திருந்து, பகலில் வெயில் வந்தபின் உணவாக்குகிறது. இந்த உண்மைக்கு முதல் தடயங்களில் ஒன்று நம் நாட்டில்தான் கிடைத்தது. தரங்கம்பாடிக்கு மதப்பணிக்காக வந்து பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் நன்கு புளிப்பதையும், நண்பகலுக்குள் அந்தப் புளிப்பு மறைந்துவிடுவதையும் கவனித்து எழுதினார். அவருடைய கடிதம் லண்டன் லின்னேயன் கழகத்தின் வெளியீட்டில் 1815-இல் அச்சானது. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாகிவிடுகிறது என்ற விளக்கம் கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. பிரண்டையும் இதே முறையில்தான் வாழ்கிறது. கள்ளி பிழைப்பது கூடுதலாக நீர் தேடுவதால் அல்ல. எந்த நேரத்தில் திறந்தால் இழப்பு குறைவு என்று நேரத்தைத் தேர்ந்துகொள்வதால். எலியின் ரகசியமும் இதற்கு மிக அருகில் இருக்கிறது.

நூறு கிராம் தானியத்தில் எவ்வளவு தண்ணீர்?

வறண்ட நில எலியின் நீர்க் கணக்கை முதன்முதலாக முழுமையாகப் போட்டுக் காட்டியவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உடலியங்கியல் அறிஞர் கனூட் ஷ்மிட்–நீல்சன். அவர் எடுத்துக்கொண்ட உயிர் அமெரிக்கப் பாலைவனங்களின் கங்காரு எலி. பின்னங்காலில் துள்ளிப் போகும் இந்த எலிக்கு ஆய்வுக்கூடத்தில் உலர்ந்த பார்லி மட்டும் கொடுத்தார். குடிக்க ஒரு சொட்டும் வைக்கவில்லை. எலி மெலியவில்லை, உடலில் நீரின் அளவும் குறையவில்லை. அப்படியானால் எங்கிருந்தோ நீர் வந்தாக வேண்டும்.

வந்த இடம் தானியமேதான். மாவுச்சத்தில் ஹைட்ரஜன் இருக்கிறது. உடலுக்குள் அது எரிந்து ஆற்றலாகும்போது, மூச்சில் வந்த ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. இதை எரிநீர் என்று அழைப்போம். ஒரு மாதத்தில் அந்த எலி ஏறக்குறைய 100 கிராம் பார்லி தின்கிறது. அதிலிருந்து 54 கிராம் எரிநீர் பிறக்கிறது. உலர்ந்த தானியத்திலும் காற்றிலிருந்து உறிஞ்சிய கொஞ்சம் ஈரம் இருக்கும். அது 6 கிராம். மொத்த வரவு 60 கிராம். இனிச் செலவு: மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஆவியாவது 43.9 கிராம், சிறுநீரில் 13.5 கிராம், புழுக்கையில் 2.6 கிராம். கூட்டினால் சரியாக 60. வரவும் செலவும் நேராகிவிட்டன. எலி குடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதில் வரவைப் பார்த்து வியப்பது எளிது. ஆனால் எரிநீர் எல்லா உயிர்களுக்கும் பொது. ஒரு மனிதரின் உடலிலும் நாளொன்றுக்குச் சுமார் 300 மில்லிலிட்டர் எரிநீர் உண்டாகிறது. நாம் அதைக்கொண்டு வாழ முடியாததற்குக் காரணம், வியர்வை, மூச்சு, சிறுநீர் வழியாக நாளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் இழப்பதுதான். எலிக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு செலவில் இருக்கிறது. செலவுப் பட்டியலில் பெரியது எது என்பதையும் கவனிக்க வேண்டும். நான்கில் மூன்று பங்குக்குச் சற்றே குறைவான நீர் ஆவியாகிப் போகிறது. ஆகவே எலி பிழைப்பதும் சாவதும் இந்த ஒரு வரியில் தீர்மானமாகிறது.

இந்தக் கணக்கு கங்காரு எலிக்குரியது. நம் வெள்ளெலிக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயம். வெள்ளெலி வேறு குடும்பத்தைச் சேர்ந்தது, உடலும் பெரியது. ராஜஸ்தானின் ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனத்தில் ஈஸ்வர் பிரகாஷும் பி.கே. கோஷும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் இந்தியப் பாலைவன எலிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். பாலைவன எலிகள் பற்றி இருவரும் தொகுத்த நூல் 1975-இல் வெளிவந்தது. தார் பாலைவனத்தின் ஜெர்பில் எலிகள் நீரில்லாமல் நெடுநாள் தாக்குப்பிடிப்பவை. அவற்றின் உறவினமான வெள்ளெலி அந்த அளவுக்குக் கண்டிப்பான விரதக்காரர் இல்லை. அது விதையோடு கிழங்கு, தளிர், பூச்சி எல்லாம் தின்னும். பூச்சியின் உடலில் பாதிக்கு மேல் நீர். ஆகவே வெள்ளெலியின் வரவு கங்காரு எலியைவிடக் கூடுதல். கங்காரு எலியின் கணக்கு கடைசி எல்லையைக் காட்டுகிறது. அந்த எல்லையிலேயே ஓர் எலி பிழைக்க முடியும் என்றால், சித்தூரின் வேலியோரத்தில் பிழைப்பது எளிதாகத்தான் இருக்க வேண்டும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: ஆவிச்செலவு கைமீறக் கூடாது.

மூக்கும் சிறுநீரகமும்

ஆவிச்செலவைக் குறைக்க உடலுக்குள்ளேயே சில ஏற்பாடுகள் இருக்கின்றன. நுரையீரலிலிருந்து வரும் காற்று உடலின் சூட்டில், ஈரம் நிரம்பியதாக இருக்கும். 37 பாகைச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று 44 கிராம் நீராவியைத் தாங்கும். 25 பாகையில் 23 கிராம்தான் தாங்கும். ஆகவே வெளியேறும் மூச்சை மூக்கிலேயே குளிர்வித்துவிட்டால் ஏறக்குறைய பாதி ஈரம் மூக்கின் உட்சுவரிலேயே தங்கிவிடும். உலை மூடியின் அடியில் ஆவி துளியாகப் படிவதைப் போன்றது இது. எலியின் மூக்குக்குள் குறுகலான, சுருண்ட பாதைகள் இருக்கின்றன. உள்ளிழுக்கும் உலர்ந்த காற்று அந்தச் சுவர்களைக் குளிர்விக்கிறது. வெளிவிடும் காற்று அந்தக் குளிர்ந்த சுவரில் தன் ஈரத்தை விட்டுச் செல்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் மிச்சமாவது மிகச் சிறிய அளவுதான். ஆனால் எலி இடைவிடாமல் மூச்சு விடுகிறது.

சிறுநீரகத்தின் திறனும் இதற்கு ஈடானது. மனிதச் சிறுநீரகம் இரத்தத்தைவிட நான்கு மடங்கு செறிவான சிறுநீரைத்தான் உண்டாக்க முடியும். கங்காரு எலி பதினான்கு மடங்குக்கு மேல் செறிவாக்கும். இதைச் சோதிக்க ஷ்மிட்–நீல்சன் எலிகளுக்குப் புரதம் மிகுந்த சோயா கொடுத்தார். புரதம் கூடினால் கழிக்க வேண்டிய யூரியாவும் கூடும், அதற்கு நீர் வேண்டும், எலிகள் தவித்தன. அப்போது குடிக்கக் கடல்நீரை வைத்தார். மனிதரைக் கொன்றுவிடக்கூடிய அந்த நீரைக் குடித்தே எலிகள் தேறின. உப்பைக் கழிக்கச் செலவாகும் நீரைவிடக் கடல்நீரிலிருந்து அவற்றுக்குக் கிடைத்த நீர் அதிகம் என்பதே இதன் பொருள்.

பகலைக் கழிக்க ஓர் இடம்

இத்தனை இருந்தும் ஒரு சித்திரை நண்பகலில் வெள்ளெலியைத் திறந்த வெளியில் விட்டுவிட்டால் அது பிழைக்காது. காரணம் அதன் உருவம். சிறிய உடலுக்கு எடையைவிட மேற்பரப்பு விகிதத்தில் மிக அதிகம். வெளிச்சூடு விரைவாக உள்ளே ஏறிவிடும். நம்மைப் போல வியர்த்துத் தணித்துக்கொள்ள வேண்டுமானால், கங்காரு எலி போன்ற சிற்றுயிர் ஒரு மணி நேரத்தில் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நீரை ஆவியாக்க வேண்டியிருக்கும். ஒரு மாதத்துக்கே 60 கிராம் வரவுள்ள உயிர் சில மணி நேரத்தில் திவாலாகிவிடும். மூக்கும் சிறுநீரகமும் சேர்த்த சேமிப்பெல்லாம் ஒரு நண்பகலுக்குத் தாங்காது.

இங்கேதான் வளை வருகிறது. கோடையில் வெறும் தரையின் மேற்பரப்பு 60 பாகையைத் தொடலாம். ஆனால் மண் சூட்டை மெதுவாகக் கடத்தும். அரை மீட்டர் ஆழத்தில் பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே வெப்பம். அங்கே எலி விடும் மூச்சின் ஈரமும் அடி மண்ணின் ஈரமும் சேர்ந்து, வளைக்குள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றைவிட ஈரமாக இருக்கும். ஈரக்காற்றில் ஆவியாதல் குறையும். வளைக்குள் சேர்த்துவைத்த விதையும் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு எலிக்கே திருப்பித் தரும். ஷ்மிட்–நீல்சனின் கணக்கு இதையே உறுதிப்படுத்துகிறது: ஆய்வுக்கூடத்தின் காற்றை மேலும் மேலும் உலரவிட்டபோது, ஒரு கட்டத்துக்குக் கீழே செலவு வரவை மிஞ்சியது. ஆகவே உடல் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், பகலைக் கழிக்கத் தகுந்த இடம் இல்லையென்றால் கணக்கு நேராகாது. வெள்ளெலி இரவில் உலவிப் பகலில் வளைக்குள் இருப்பதை அதன் பழக்கம் என்று கடந்துவிடக் கூடாது. அதன் நீர் ஆதாரமே அதுதான்.

எல்லா இடத்திலும் வளை நிற்காது. உழுத மண்ணில் ஒவ்வொரு போகத்துக்கும் வளை கலைந்துவிடும். கரிமண் கோடையில் வெடித்துத் திறந்துவிடும். நாய், நரி, கீரி எல்லாம் தோண்டிப் பார்க்கும். கள்ளிப் புதரின் அடியில் வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது, ஏர் அங்கே வருவதில்லை, நிழல் மண்ணைச் சூடேறாமல் காக்கிறது, முள் பகையை நிறுத்துகிறது. அமெரிக்கச் சுமை எலிகள் இந்தப் பயனை இன்னும் வெளிப்படையாகக் காட்டுகின்றன. அவை கேக்டஸின் முள்துண்டுகளைக் கடித்து இழுத்து வந்து தங்கள் கூட்டைச் சுற்றிக் குவிக்கின்றன. பாறை இடுக்குகளில் இறுகிக் கிடந்த அந்தக் குவியல்கள் சில 40,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. அந்தக் காலத்துச் செடிகளைப் பற்றி அறிய இன்று ஆய்வாளர்களுக்கு அவை பெரும் சான்று. கள்ளியின் கொடை சாறு அல்ல, இடம் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

அதே வேலியின் மற்ற குடிகள்

எலிக்கு மட்டும் பொருந்தும் முடிவானால் இதற்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை. ஆனால் முட்புதரின் மற்ற உயிர்களும் இதையே சொல்கின்றன. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் வாழும் முள்ளெலி, பெயரில் எலி இருந்தாலும், எலி இனமே அல்ல. பூச்சி தின்னும் தனிக் குடும்பம். 1851-இல் ஹார்ஸ்ஃபீல்டு அறிவியலுக்கு விவரித்த இந்தத் தென்னிந்திய இனத்தின் நீர் வரவு பெரும்பாலும் வண்டு, கரையான் உடல்களிலிருந்து வருகிறது. பகலில் அது புதரடியிலோ குழியிலோ சுருண்டு கிடக்கும். உணவும் மழையும் குறைந்த காலத்தில் உடலின் இயக்கத்தையே தாழ்த்திக்கொள்ளும். இயக்கம் தாழ்ந்தால் மூச்சு குறையும். மூச்சு குறைந்தால் ஆவிச்செலவும் குறையும்.

சின்னாற்றின் முட்காட்டில் நட்சத்திர ஆமையும் உண்டு. மழைக்காலத்தில் பகலெல்லாம் மேயும் இது, வெயில் காலத்தில் விடியலுக்கும் அந்திக்கும் நடமாட்டத்தை ஒதுக்கிவிட்டு, மற்ற நேரம் முட்புதரின் நிழலில் அசையாமல் இருக்கும். வறண்ட நில ஆமைகள் பலவற்றில் சிறுநீர்ப்பையே நீர்ச் சேமிப்பு. அமெரிக்காவின் பாலைவன ஆமையைக் கையில் தூக்கினால், பயத்தில் அந்த நீரை வெளியேற்றிவிடும். அடுத்த மழை வரை அதற்கு ஈடு கிடைக்காது. கள்ளக்கடத்தலால் நலிந்த நட்சத்திர ஆமையின் வணிகத்துக்கு 2019-இல் உலக அளவில் மிகக் கடுமையான தடை விதிக்கப்பட்டது. பிடிபட்ட ஆமைகள் சின்னாற்றில் மீண்டும் விடப்பட்டும் இருக்கின்றன. விடுவிப்பது பாதி வேலைதான். அவை பகலில் ஒதுங்கப் புதர் இருக்க வேண்டும்.

இதே சின்னாற்றில் முடிவுக்கு எதிர்ச்சான்று போலத் தோன்றும் ஒரு விலங்கும் இருக்கிறது: ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளில் பெயர்பெற்ற சாம்பல் நிற அணில். வறண்ட காட்டில் இருந்தாலும் இது பாம்பாறு, சின்னாறு கரைகளில் கிளையோடு கிளை பிணைந்த உயர்ந்த மரங்களை விட்டு இறங்க விரும்பாது. பகலில் உலவும், வளை தோண்டத் தெரியாத இந்த விலங்குக்கு ஆற்றோர நிழலே வளையாக அமைகிறது. யானை, காட்டெருது, மான் போன்றவற்றுக்கு நடக்கக் கால் உண்டு. தண்ணீர் இருக்கும் இடத்துக்கு அவை போய்விடும். சிற்றுயிரால் பத்து கிலோமீட்டர் நடந்து ஆற்றுக்குப் போய்த் திரும்ப முடியாது. ஆகவே வறண்ட நிலத்தில் பேருயிர் தண்ணீரைச் சார்ந்தும், சிற்றுயிர் ஒதுங்கிடத்தைச் சார்ந்தும் வாழ்கின்றன. ஒரு காட்டில் தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பிவிட்டால் எல்லா விலங்குக்கும் உதவிவிட்டோம் என்று எண்ணுவது, பாதிக் காட்டை மறந்துவிடுவது.

மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு உழவர் தரப்பிலிருந்து வரும். வெள்ளெலி நிலக்கடலையையும் சோளத்தையும் அழிக்கும் உயிர். இந்தியாவில் பிளேக் கிருமியைத் தாங்கும் காட்டு எலிகளில் அதுவும் ஒன்று. அதற்கு இடம் விடச் சொல்வது எப்படிச் சரி? இந்த இழப்பு உண்மையானது. பயிருக்குள் பெருகும் எலியைக் கட்டுப்படுத்தும் உரிமை உழவருக்கு உண்டு. ஆனால் வேலியை எடுத்துவிட்டால் எலி ஒழியாது. அது வரப்புக்கு மாறும். ஒழிவது எலியைத் தின்னும் ஆந்தை, சாரைப்பாம்பு, காட்டுப்பூனை, கீரி ஆகியவற்றின் இடம். எலிக்கு வைக்கும் நஞ்சு, அந்த எலியைத் தின்ற ஆந்தையையும் கொல்லக்கூடும். ஆந்தை ஓர் ஆண்டில் பெருகுவது கொஞ்சம், எலி பெருகுவது ஏராளம். இருவரையும் ஒரே சமயத்தில் அழித்தால் முதலில் மீண்டு வருவது எலிதான்.

இரண்டாம் மறுப்பு தாவரவியல் அறிந்தவர்களுடையது. சப்பாத்திக்கள்ளி அயல் நாட்டிலிருந்து வந்த படையெடுப்புச் செடி. அதைக் காக்கச் சொல்லலாமா? அதன் வரலாறே இந்தக் கேள்விக்குப் பாடம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் அமைத்தார். அதில் வளரும் செம்பூச்சியிலிருந்து விலையுயர்ந்த சிவப்புச் சாயம் எடுப்பது நோக்கம். 1795-இல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த பூச்சி சாயத்துக்குப் பயன்படாத இனமாகிப்போனது. ஆனால் ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று அழித்தது. தென்னிந்தியாவில் பெருகியிருந்த இன்னொரு வகையை, 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த வேறொரு செம்பூச்சி சில ஆண்டுகளில் ஒடுக்கியது. உலகின் தொடக்ககால உயிரியல் கட்டுப்பாட்டு வெற்றிகளில் இவையும் அடங்கும். அந்த வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை. மேய்ச்சல் நிலத்தை மூடும் அயல் கள்ளியையும் சீமைக் கருவேலத்தையும் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். நான் கேட்பது வேறு: எடுத்த இடத்தில் என்ன வைக்கப்போகிறோம்? காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளில் கிளுவை உயிர்வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் சேர்ந்து மாட்டுக்கும் மேய்ச்சல் தருகின்றன, சிற்றுயிருக்கும் இடம் தருகின்றன. அயல் கள்ளியின் இடத்தில் சதுரக்கள்ளி, கிளுவை, பிரண்டை படர்ந்த வேலி வந்தால் இழப்பில்லை. கம்பிவேலி வந்தால் அந்த நிலத்தில் பகலைக் கழிக்க இடமே இல்லாமல் போகும்.

மூன்றாம் மறுப்பு நல்லெண்ணத்திலிருந்து பிறப்பது. ஆகவே அதுதான் மிகவும் ஆபத்தானது. முட்புதரை அகற்றி மரம் நட்டுப் பசுமையாக்கினால் எல்லா உயிருக்கும் நல்லதுதானே? நாட்டின் தரிசுநில வரைபடத் தொகுதியே புதர்நிலத்தைத் தரிசு வகைகளில் ஒன்றாகக் கணக்கிடுகிறது. தரிசு என்று பெயர் வைத்தபின் அதை மாற்றுவது தொண்டாகத் தோன்றிவிடும். ஆனால் 500 மில்லிமீட்டர் மழையில் அடர்காடு நிற்காது. நட்ட கன்றுக்கு ஊற்றத் தண்ணீர் வேண்டும், குழியெடுக்கப் புதரை வெட்ட வேண்டும், கன்று பட்டுப்போனால் மிஞ்சுவது வெறுந்தரை. முட்காடு என்பது உருப்படாமல் போன காடு அல்ல. அந்த மழைக்கு ஏற்ற முழு வளர்ச்சியே அதுதான்.

தீர்ப்பு

சான்றுகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவுதான் வருகிறது. வறண்ட நிலத்தில் உயிரைத் தாங்குவது கிடைக்கும் நீரின் அளவு மட்டுமல்ல. அந்த நீரை இழக்காமல் இருக்க உதவும் நேரமும் இடமும். நேரத்தை உயிர்களே தேர்ந்துகொள்கின்றன: கள்ளி இரவில் திறக்கிறது, வெள்ளெலி இரவில் மேய்கிறது, ஆமை அந்தியில் நடக்கிறது. இடத்தைக் கொடுப்பதும் பறிப்பதும் இன்று நம் கையில் இருக்கிறது.

ஆகவே சித்தூர், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டைப் பக்கத்து நில உரிமையாளர்களுக்கும் ஊராட்சிகளுக்கும் வனத்துறைக்கும் சொல்ல வேண்டியவை சில. பழைய உயிர்வேலியை ஒரே நாளில் இயந்திரம் வைத்து வழித்தெடுக்காதீர்கள். மாற்ற வேண்டுமானால் பகுதி பகுதியாக, நாட்டுச் செடிகளை நட்டுக்கொண்டே மாற்றுங்கள். புறம்போக்கில் உள்ள முட்புதரை மரம் நடுவதற்கான காலியிடமாகக் கணக்கிடாதீர்கள். சாலையோரம் நட்சத்திர ஆமையைக் கண்டால் வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். முள்ளெலியை மருந்தென்று பிடிக்காதீர்கள். இவற்றுக்குப் பெரிய பணமோ புதிய திட்டமோ தேவையில்லை. ஒரு முழம் அகல வேலி விட்டுவைத்தால் போதும். மீதிக் கணக்கை அந்த உயிர்கள் தாமே போட்டுக்கொள்ளும்.